மாடியில் ஓடிய கம்ப்ரஸர்

அண்ணா,

இன்று மத்தியானம் உன் கம்ப்ரஸரை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்துவிட்டது. சூடான எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை. நீ சாப்பிட வந்து உட்கார்ந்தால் சாம்பார் வாசனையையும் மீறிக்கொண்டு உன் சட்டையிலிருந்து வருமே, அதேதான். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

செத்துப்போனவர்களோடு சண்டை போடக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ அதற்கு வழியே விடவில்லையே, நான் என்ன செய்ய? கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமலிருப்பது உனக்குக் கைவந்த கலை.

அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போளூரில் தன் அம்மா வீட்டுக்கே போகிறார். மாடியைக் காலி செய்தபோது கம்ப்ரஸரையும் என் பழைய துப்பாக்கிப் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி எனக்கு அனுப்பிவிட்டார். "நீயே வச்சிக்கோ. இத வச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்?" என்றார் போனில். என் வீட்டுக்காரர் அதை மாடிக்குத் தூக்கி வருவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கல்லூரி என்.சி.சி.யில் நான் நன்றாகச் சுடுகிறேன் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எனக்கு ஏர் ரைஃபிள் வாங்கித் தந்தவன் நீ. அந்தத் துப்பாக்கிக்கு வெடிமருந்து, தோட்டா எல்லாம் கிடையாது. குழலுக்குக் கீழே ஒரு சின்ன சிலிண்டர். அதில் அடைத்த காற்றுதான் ஈயக் குண்டைத் தள்ளும். லாரி டயரில் இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். நம் ஊரில் அதை நிரப்ப ஆள் இல்லை. ஞாயிறுதோறும் சிலிண்டரைக் கழற்றி, துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வேலூர் கிளப்புக்கு பஸ்ஸில் போவோம். கண்டக்டர் ஒருமுறை "இன்னா சார் அது?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல சார், வெறும் காத்து" என்றாய். அவர் நம்பவே இல்லை. இந்த அலைச்சல் தாங்காமல்தான் சென்னையில் யாரிடமோ பழைய கம்ப்ரஸரை வாங்கி வந்தாய்.

கெஸ்ட் ஹவுஸ்களில் ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் பழுது பார்க்கிறவன் நீ. சூடு என்றால் உனக்கு ஜென்ம விரோதி. மெஷினைச் சமதளத்தில் வைப்பாய், எண்ணெய் மட்டம் பார்ப்பாய். பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, கூலருக்குப் போடும் குட்டி மோட்டாரை அதில் இறக்கி, இரண்டு டியூபை மாட்டுவாய். தண்ணீர் மெஷினுக்குள் போய்ச் சுற்றித் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பாய். நம் ஊர் வெயிலில் பக்கெட் தண்ணீர் சீக்கிரமே காபி பதத்துக்கு வந்துவிடும். அதற்காக ஃபிரீசர் முழுக்கத் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்திருப்பாய். பால் பாக்கெட் வைக்க இடமில்லை என்று அம்மா தினமும் கத்துவார். போரிங் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் பூத்துவிடும் என்று மெஷினுக்குக் கேன் தண்ணீர். நமக்குக் குடிக்க அதே போரிங் தண்ணீர்தான்.

"அறுபது டிகிரி தாண்டுச்சா, நிறுத்திடு. இன்னும் கொஞ்சம்தானேன்னு ஓட்டாத. அப்புறம், மெஷின நிறுத்துனாலும் தண்ணிய நிறுத்தாத பாப்பா. அது பாட்டுக்கு ஓடட்டும்."

அந்தச் சத்தம் இருக்கிறதே, தெருவுக்கே கேட்கும். மாடி அறையில் குடியிருந்த வெள்ளைக்கார அம்மா, தியானம் கெடுகிறது என்று ஒருநாள் அழாத குறையாக வந்து நின்றார். நீ உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அவரிடம் சமாதானம் பேசி, அவர் ஆசிரமத்துக்குப் போகிற நேரத்தில் மட்டும் ஓட்டுவதாக ஒப்பந்தம் போட்டாய். கடைசியில் அவர் உனக்கு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கரண்ட் ஆபீஸ்காரரிடம் பேசினாய், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினாய். ஊரில் யாரிடமும் பேச உனக்கு நாக்கு இருந்தது, அப்பாவைத் தவிர.

மாநிலப் போட்டிக்கு நான் தேர்வான அதே மாதம் எனக்கு மாப்பிள்ளை அமைந்தார். அமைந்ததில் எனக்கு வருத்தமில்லை, அவர் நல்லவர்தான். ஆனால் குறித்த முகூர்த்தம் போட்டிக்கு மறுநாள். அதற்கு இரண்டே வாரம் தள்ளி அடுத்த முகூர்த்தம் இருந்தது. அப்பாவின் எதிரே நின்று பெண் பிள்ளை தேதியைப் பற்றிப் பேசுகிற வீடா நம் வீடு? உன்னிடம் வந்தேன்.

"நான் பேசிக்கிறேன் பாப்பா. நீ ப்ராக்டீஸ உடாத" என்றாய்.

நம்பினேன். மாடித் தகரக் கொட்டகையில் தினமும் சுட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் தேதியை உறுதி செய்ய வந்த சாயந்திரம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். மாமா பஞ்சாங்கத்தை மடியில் வைத்திருந்தார். அப்பா உன் பக்கம் திரும்பி, "நீ இன்னாடா சொல்ற?" என்று கேட்டார். அவராகவே கேட்டார், அண்ணா. நான் சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க இஷ்டம்ப்பா" என்றாய். எழுந்து மாடிக்குப் போய்விட்டாய்.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே தடதடவென்று கம்ப்ரஸர். தாம்பூலத் தட்டு கை மாறுகிறது, மேலே அது ஓடுகிறது. அப்பா, "அந்த சனியன நிறுத்துடா" என்று கத்தினார். நீ நிறுத்தவில்லை. யார் போகப்போகிற போட்டிக்கு அந்தக் காற்று? நானே மாடிக்கு வந்து கேட்டிருப்பேன். அந்தச் சத்தத்தில் நான் என்ன கேட்டாலும் உனக்குக் காதில் விழாது. அதற்காகத்தானே ஓட்டினாய்?

அதற்குப் பிறகு எட்டுப் பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தாய். கரும்பை வாசலில் சாய்த்துவிட்டு, "நல்லா கீறியா?" என்பாய். "இருக்கேன்" என்பேன். துப்பாக்கி என்ற வார்த்தையே நமக்குள் வராது. காபியைக் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாய்.

உன் காரியத்தன்று அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதை எதையோ பேசியவர், திடீரென்று சொன்னார். "அன்னிக்கி அவன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா தேதிய தள்ளி வச்சிருப்பேன். நீயும் கேக்கல, அவனும் சொல்லல. எனக்கு எப்டிம்மா தெரியும்?"

வயிறு எரிந்தது அண்ணா. இன்னும் எரிகிறது. ஒரு வார்த்தை போதுமாயிருந்திருக்கிறது. மலையைப் புரட்டச் சொல்லவில்லையே உன்னை.

துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தபோது, சிலிண்டரைச் சும்மா அளவுமானியில் மாட்டிப் பார்த்தேன். எட்டு வருடமாகக் கிடந்தது காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். முள் விர்ரென்று ஏறி இருநூறில் நின்றது, முழுக்க நிரம்பியிருந்தது. பயந்து அண்ணிக்கு போன் செய்தேன்.

"அத மாசா மாசம் பாப்பாரு. கம்மியா இருந்தா மெஷின போட்டு ரொப்புவாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா, காலியா கெடந்தா சீல் காஞ்சி பூடும், பாப்பா கேட்டா ரெடியா இருக்கணும்னு சொல்வாரு. உங்கிட்ட சொன்னதில்லயா?"

சொன்னதில்லை. எட்டு வருடம், வாசல்வரை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறாய். "காத்து ரெடியா இருக்கு பாப்பா" என்று ஒருநாள் சொல்லியிருந்தால் உன் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? இதைக் கேட்டு நான் உருகிப்போயிருக்க வேண்டும் என்று அண்ணி எதிர்பார்த்தார். உருகினேன்தான், பொய் சொல்லவில்லை. அழுது முடித்ததும் முன்னைவிடக் கோபம் ஜாஸ்தியானது. பாசத்தை சிலிண்டரில் அடைத்து வைத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இன்று அந்தக் காற்றைத் திறந்துவிட்டேன். "மெதுவா உடு, அவசரப்பட்டா பனி பூத்துடும்" என்பாயே, அப்படித்தான் மெதுவாக விட்டேன். உலோகம் கையில் சில்லென்று ஆனது. அது உன் மூச்சு என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. காற்று, அவ்வளவுதான். எனக்கு வேண்டியதை நானே நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

என்னோடு என்.சி.சி.யில் இருந்தவள் இப்போது வேலூர் கிளப்பில் இருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே பெண்களுக்குப் போட்டி. பேர் கொடுக்கச் சொல்லி ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சிலிண்டரை எதுவரை பயன்படுத்தலாம் என்று அதன் கழுத்தில் பொறித்திருக்கும் கெடுவைப் பார்த்தேன்; அடுத்த வருடம்வரை இருக்கிறது. பேர் கொடுத்துவிட்டேன். அதே ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நான் உன் தங்கச்சிதானே.

பக்கெட்டில் கேன் தண்ணீர் ஊற்றி, உறைந்த பாட்டில்களைப் போட்டேன். தண்ணீர் சுற்றித் திரும்பி வருவதைப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டேன். நடுநடுவே வால்வைத் திறந்து, காற்றில் சேர்கிற ஈரத்தை வெளியேற்றினேன். முள் ஏறியது. சூடு ஐம்பதைத் தொட்டபோது என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு வந்தார். ஏதோ கேட்டார். வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஞாயிறு, வளைகாப்பு, எத்தனை மணிக்குக் கிளம்பலாம், ஏதோ அப்படி.

தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். சத்தம் அவ்வளவு சௌகரியமாக இருந்தது. நீ அன்றைக்கு மாடிக்கு ஏன் ஓடினாய் என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததே தவிர, மன்னிக்க மனம் வரவில்லை.

சுவிட்சை அணைத்தேன்.

"ஞாயித்துக்கெழம எனக்கு வேலூர்ல மேட்ச் இருக்கு. நான் வளகாப்புக்கு வரல. உங்க அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றேன்.

அவர் என்னையும் துப்பாக்கியையும் மாறிமாறிப் பார்த்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. அதைப் பற்றிக் கீழே போய்ப் பேச வேண்டியிருக்கும், சண்டையாகக்கூட ஆகலாம். பிறகு பக்கெட்டைக் காட்டி, "மெஷின் நின்னுடுச்சே, தண்ணி இன்னும் ஓடிக்கினு இருக்கு?" என்று கேட்டார்.

"அது ஓடட்டும். உள்ள சூடு இன்னும் ஆறல" என்றேன்.