துளை போட்ட சவுக்காரம்

என் பிரியமான மச்சானுக்கு,

காஜா பேராங் ஊரில் நம் அடுப்பு இன்னும் அணையவில்லை. கொய்னா மாத்திரை கிடைக்காமல் காய்ச்சலில் நீங்கள் கண்மூடிய பிறகும், நீங்கள் போட்ட கொட்டகையில்தான் அக்கா துணி துவைக்கும் சவுக்காரம் காய்ச்சிவந்தாள்.

"மாப்ள, காய்ச்சுறது உங்கக்கா, விக்கிறது கடைக்காரரு. நடுவுல நீ என்னதான் வேல பாக்குற?" என்று மரவள்ளிக்கிழங்குத் தட்டின் முன்னால் சிரிப்பீர்களே, ஞாபகமிருக்கிறதா? அதே கேள்வியைப் போன வாரம் ஜப்பான்காரன் கேட்டான். அவன் சிரிக்கவில்லை. தொழில் இல்லாதவர்களை, போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

கூட வந்த தமிழர் மொழிபெயர்த்தார். நான் சொன்னேன்: "கிணத்தடிக்குப் போவேங்க. பொம்பளைங்க எதுக்குச் சலிச்சுக்கிறாங்கன்னு கேப்பேன். அத வச்சு, அடுத்து எப்படிச் செய்யணும்னு அக்காகிட்ட சொல்லுவேன்."

"கேக்குறதெல்லாம் ஒரு வேலையாய்யா?" என்று மொழிபெயர்த்தவரே முறைத்தார். ஜப்பான்காரன் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். ஒரு காய்ப்புகூட இல்லை.

துளையைப் பற்றிச் சொல்லியிருக்கலாமோ? ஈரத்தில் வைத்தால் சவுக்காரம் கரைந்துபோகிறது என்று கிணற்றடியில் புலம்பினார்கள். நடுவில் துளை போட்டால் கயிற்றில் தொங்கவிடலாமே என்று நான்தான் வந்து சொன்னேன். பிறகு எல்லாரும் துளை போட்டதைத்தான் கேட்டு வாங்கினார்கள். அன்றைக்குப் பயத்தில் அது ஒன்றும் வாயில் வரவில்லை.

அக்காதான் ஓடிவந்து சட்டி கிண்டும் துடுப்பை என் கையில் திணித்தாள். "காய்ச்சுறதே இவன்தாங்க! நான் வெறகு போடுறவ."

அடுத்த முறை கையில் காய்ப்பு இருக்க வேண்டும் என்று எச்சரித்து ஜப்பான்காரன் விட்டுவிட்டான். பிழைத்தேன். ஆனால் இனி அவர்கள் முகாமுக்கும் நானே காய்ச்ச வேண்டுமாம், கொட்டகையை விட்டு நகரக்கூடாதாம். வாசலில் காவல் வேறு. சவுக்காரத்துக்கு ஊற்றும் காரநீர் பட்டு விரலெல்லாம் வெந்து கிடக்கிறது. மூச்சு முட்டுகிறது, மச்சான்.

கிணற்றடிக்கு இப்போது அக்கா போகிறாள். நேற்று திரும்பிவந்து பொத்தென்று உட்கார்ந்தாள். "எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குங்கிறாங்கடா. ஆனா பாதிப் பேரு வாங்குறதில்ல. உங்கிட்ட மட்டும் எப்படிடா உண்மையச் சொன்னாங்க?"

காய்ச்சியவளின் முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்கள்? அதற்குத்தான் நடுவில் ஓர் ஆள். உங்கள் கேள்விக்கு நான் திருதிருவென்று விழித்தேனே, அதற்குப் பதில் இதுதான். சொல்லத் தெரிந்தபோது கேட்க நீங்கள் இல்லை.

மறுபடியும் கையைப் பார்க்க வருவார்கள். காய்ப்பு ஏறட்டும் என்று, வேலை இல்லாதபோதும் வெறும் சட்டியைக் கிண்டுகிறேன். அக்காவைத் தனியே விட்டுச் சயாமுக்குப் போகமாட்டேன், இது உங்கள்மேல் ஆணை. வாசல் திறக்கிற அன்றைக்கு நேரே கிணற்றடிக்குத்தான் போவேன்.

இப்படிக்கு,
நடுவில் நின்ற உங்கள் மச்சினன்