கட்டி வைத்த நெல்

அன்பு ஜனெலுக்கு அம்மா எழுதுவது. நான், உன் வெண்டல் மாமா, அடுப்படியை விட்டு நகராத கிழட்டு நாய், மூவரும் நலம். தண்ணீருக்குப் புகையிலை காணிக்கை வைக்கும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் வைக்கிறேன், நீயும் நலமாகத்தான் இருப்பாய். நீ இருக்கிற ஃபீனிக்ஸில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள், அந்த வெயிலில் விமானத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு நீ திருகாணி முடுக்குவதை நினைத்தால் இங்கே எனக்குத் தொண்டை வறள்கிறது. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு மழையைப் பற்றிப் பேசுவேன். எழுதவும் உட்கார முடியவில்லை, உட்கார்வதும் எழுவதுமாக இருக்கிறேன், காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஜன்னலில் பார்க்காமல் ஒரு வரி ஓடமாட்டேன் என்கிறது.

போன மாதம் கேட்டாயே, இந்த வருஷம் நம் ஏரி நெல் எப்படி, அறுவடைக்கு ஏரியைத் திறந்தால் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன், இல்லாவிட்டால் லீவை மிச்சம் பிடிக்கிறேன் என்று. பார்க்கலாம் என்று மழுப்பினேன். உண்மை இதுதான். ஜூனில், இலை தண்ணீர்மேல் படுத்து மிதக்கிற சமயம் பார்த்து மழை கொட்டியது, ஏரி ஒரு முழம் ஏறிப் பயிரை வேரோடு பிடுங்கிவிட்டது. நடு ஏரி வெறும் தண்ணீர். மேற்குக் குடாவில் மட்டும் கொஞ்சம் தப்பி நிற்கிறது, அதையும் கோலால் ஓடத்துக்குள் தட்டி எடுத்துவிட்டால் அடுத்த வருஷம் தானாக முளைக்கச் சேற்றில் விழ விதை இருக்காது. நம் ஏரிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், நெல் குழுவிடம் நான் சொல்ல வேண்டியதும் ஒன்றுதான், இந்த வருஷம் திறக்காதீர்கள். ஆனால் அதைச் சொன்னால் நீ வரமாட்டாய். மூன்று செப்டம்பராக நீ வரவில்லை. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும், நீயே சொல்.

மாமாவும் அந்தக் குழுவில் இருக்கிறாரே, அவரிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "ஒரு ஓடம் போனா ஏரி செத்தா போயிரும்? வாத்துங்க பாட்டுக்குத் தின்னுட்டுக் கெடக்கு, அதுங்களுக்கும் நோட்டீஸ் ஒட்டுவியா லொரேட்டா" என்று கிண்டல் செய்தார். வழக்கமான வாய்தானே என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை பயிரைக் கணக்கெடுக்க மேற்குக் குடாவுக்குப் போனேன், அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கிற கார்பின்தான் ஓடத்தைத் தள்ளினான். அங்கே தாள்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து வளைத்து மரநார் சுற்றிக் கட்டி வைத்திருந்தது. இப்போதெல்லாம் யார் கட்டுகிறார்கள், முன்பு பழுப்பதற்கு முன்னால் கட்டி வைப்பார்களே, காற்றும் பறவையும் உதிர்க்காது, கட்டின வீட்டைத் தவிர வேறு யாரும் கைவைக்கமாட்டார்கள், அந்த வழக்கம். வீட்டுக்கு வீடு முடிச்சு வேறு. இது இரண்டு சுற்று, கீழ்நோக்கி இழுத்த முடிச்சு, ஓரத்தில் சிவப்பு நூல். நம் வீட்டு முடிச்சு. கார்பினுக்கும் தெரிந்துவிட்டது. "நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்காங்க அக்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், எனக்குக் காதெல்லாம் சுட்டது.

நேராக மாமாவிடம் போனேன். அவர் அசரவே இல்லை. "ஆமா, நான்தான் கட்டுனேன். ஒரு ஓடம் நெறயறதுக்குக் காணும். ஜனெல் வந்தா நானும் அவளும் போயி எடுத்துட்டு வந்துருவோம், நீ அளக்கறதுல அது தெரியவா போகுது" என்றார். குழுவில் உட்கார்ந்துகொண்டு செய்கிற காரியமா இது, நாளைக்கு ஊர் என் முகத்தில் துப்பாதா என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வேற எதச் சொல்லி அவளக் கூப்புடறது?" என்றார். சண்டை போட வந்தவள் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை குழு கூடியது. எழுந்து நின்று திறக்கவேண்டாம் என்று சொன்னேன், சொல்லும்போது உன் முகம்தான் கண்முன் வந்தது. மூடலாம் என்று முதலில் கையைத் தூக்கியவர் உன் மாமா. தூக்கிய கையைக் கீழே போடாமலே, "எங்க வீட்டுக் கட்டு மேக்குக் குடாவுல நிக்குது, நாளைக்கு நானே அவுத்துர்றேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். யாரும் ஏசவில்லை. பின்னால் இருந்து ஒருத்தி, "கட்டத் தெரிஞ்ச ஆளு ஒருத்தராச்சும் மிச்சம் இருக்காரே" என்றாள், சிரிப்பில் விஷயம் முடிந்துபோனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று நாங்கள் இரண்டு பேரும் போனோம். புகையிலை வைத்துவிட்டு மாமா கழி ஊன்றினார், நீ உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தேன். பழுத்த மணியெல்லாம் முடிச்சு தளர்ந்ததும் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தது, பால் பிடித்திருப்பது நிமிர்ந்து நின்றுகொண்டது. கடைசிக் கட்டை மட்டும் என்னை அவிழ்க்க விடவில்லை, ஓடம் ஆட ஆட அவரே குனிந்து அவிழ்த்துச் சிவப்பு நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மிச்சம் நிற்கிற மணி பழுக்கும் முன்னே காற்று அடித்துச் சாய்த்துவிடுமோ என்றுதான் இன்றைக்கு ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே ஜனெல், ஏரி மூடியாயிற்று. இந்தச் செப்டம்பரில் இங்கே உனக்குத் தட்ட நெல் இல்லை, புது நெல் விருந்தும் இல்லை. போன வருஷத்து அரிசி ஒரு ஜாடி இருக்கிறது, நீல பெர்ரி போட்டுச் சமைத்துத் தருவேன். இதற்காக இவ்வளவு தூரம் வா என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நெல்லைச் சாக்கு வைத்தே உன்னைக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம், நானும் அவரும். இந்தத் தடவை சாக்கு ஒன்றும் இல்லை. உன்னைப் பார்க்க வேண்டும், வா.

படைத்தவர் உன்னையும் உன் கைகளையும் காக்கட்டும், நல்ல ஆயுசோடு இரு. தண்ணீர் நிறையக் குடி. வருவதானால் கனமான சட்டை எடுத்துவா, சாயங்காலம் இப்போதே குளிர்கிறது. உன் தட்டுக்கோல் இரண்டையும் மாமா கொட்டகையிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். ஏரி மூடிய பிறகுதான் துடைத்தார்.

உன் அம்மா,
லொரேட்டா