டேவிட் சாருக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர்

அன்புள்ள அண்ணே,

உங்கள் விமானப்படை ஸ்குவாட்ரனை மூடிவிட்டார்கள். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர் விமானம் ஓட்டப் பழக்கிய அந்தச் சின்ன ஜெட்டுகளுக்கு வயதாகிவிட்டதாம்.

விடைகொடுக்கும் விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். குனோங் ராபாட்டிலிருந்து கிழக்குக் கரைக்குத் தனியாகவே பஸ்ஸில் போனேன். நீங்கள் இருந்திருந்தால், "மங்கை, ஜாக்கெட் எடுத்துக்க லா, பஸ்ஸுல ஏர்கோன் ஆளைக் கொன்னுடும்" என்று போனில் கத்தியிருப்பீர்கள். கத்த ஆளில்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை. நடுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள், ஸ்குவாட்ரனின் வரலாறாம். மூக்கில் காற்றாடி வைத்த பழைய விமானங்கள், பிறகு வந்த ஜெட்டுகள், மாறி மாறி வந்த தளபதிகள், எல்லாம் பளபளவென்று இருக்கிறது. நீங்களும் ஒரு படத்தில் இருக்கிறீர்கள், தோள் மட்டும். மீசை அரும்பிய வயதில் போய், நரைத்து ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே கிடந்த மனிதருக்கு ஒரு தோள்தானா? புத்தகத்தை அந்த மேசையிலேயே போட்டுவிட்டு வரலாமா என்றிருந்தது.

நீங்கள் எனக்குச் சொன்ன வரலாறு வேறு. முதன்முதலாகத் தனியே பறக்கப் போகிறவரை இருக்கையில் உட்காரவைத்து வார்களை இழுத்துக் கட்டுவது, தரையில் விமானத்தைப் பார்த்துக்கொள்ளும் உங்களைப் போன்றவர்கள். அவர் பத்திரமாக இறங்கி வந்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் வீசுவதும் அவர்களே. கட்டின கைதான் ஊற்ற வேண்டும், வேறு கை கூடாது. யார் வாந்தி எடுத்தார், யார் இறங்கியதும் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று எத்தனை கதைகள் சொல்லியிருப்பீர்கள்!

சித்தியவான்காரர் டேவிட் சாருக்கு மட்டும் அந்தத் தண்ணீர் கிடைக்கவில்லை. நீங்கள் அவரைக் கட்டி அனுப்பினீர்கள். அவர் மேலே இருந்த நேரத்தில்தான் கோப்பெங் தோட்டத்திலிருந்து, நம் அப்பா போய்விட்டார் என்று போன் வந்தது. அவர் இறங்கியபோது நீங்கள் பஸ்ஸில் இருந்தீர்கள். வேறு யார் ஊற்றவும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காரியம் முடிந்து திரும்பிய நீங்களும், துக்கக்காரன் கை வேண்டாம் என்று தள்ளிப்போட்டீர்கள். பிறகு அதுவே கேலியாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் அவர், "அண்ணே, என் தண்ணி எங்க?" என்பார். "துவான், நீங்க கடைசியா பறந்து எறங்குற அன்னிக்கு ஊத்துறேன் லா" என்பீர்கள்.

அந்த நாள்தான் இது. கடைசி ஜெட்டை அவர்தான் இறக்கினார். அவருக்கும் நரைத்துவிட்டது. ஏணியிலிருந்து இறங்கியவர் நேராக என்னிடம் வந்து, "அக்கா, கட்டின கை இல்ல. கூடப் பொறந்த கை இருக்குல்ல? நீங்க ஊத்துங்க" என்றார்.

சிவப்பு வாளி ஒன்றைக் கொடுத்தார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டி, "வீசுங்க அக்கா, வீசுங்க லா!" என்று கூச்சல் போட்டார்கள். என்னால் முடியவில்லை அண்ணே. என் கை வாளியை மெல்லச் சாய்த்தது. உச்சந்தலையிலிருந்து தோள்வரை நிதானமாக வழியவிட்டேன். போன வருடம் நடு வீட்டில் உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது அப்படித்தான் ஊற்றினேன். அவர் நெற்றியைத் துடைக்கக்கூட இடது கை தானாகப் போய்விட்டது. கைதட்டல் நின்றுபோனது. அவருக்குப் புரிந்துவிட்டது, குனிந்தபடியே நின்று அழுதார். நானும் அழுதேன்.

ஆப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன், உங்கள் போர்வையை இழுத்து இரண்டு பக்கமும் செருகிவிட்டவள் நான்தான். "என்னா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? சின்ன ஆப்பரேஷன்தான். போயிட்டு வந்துடுவேன் லா" என்றீர்கள். நீங்கள் கட்டி அனுப்பிய பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்தார்களே. நீங்கள் ஏன் வரவில்லை?

அந்த வாளியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் திதிக்குக் கோப்பெங் வருவேன், அப்பாவுக்குப் பக்கத்தில் உங்களைப் புதைத்த இடத்துக்கு. டேவிட் சாரும் வருகிறாராம். அன்றைக்கு மெல்லச் சாய்க்க மாட்டேன். பத்திரமாக இறங்கி வந்தவருக்கு வீசுவது போல, முழு வாளியையும் ஒரே வீச்சாக உங்கள் மேல் வீசுவேன். இது சத்தியம். கட்டின கைதானே ஊற்ற வேண்டும்? அந்தப் போர்வையைச் செருகியது என் கைதான் அண்ணே.

உங்கள் ஒரே தங்கச்சி,
மங்கை