வில்காரா கப்பலின் கடைசி வரி

ட்ருகனினா
9 பெப்ரவரி 2025

அன்புள்ள பெரியத்தானுக்கு,

மிருணாளினி எழுதுவது. நானும் ராதாவும் சுகம். பிரஷர் குளிசையை விடாமல் போடுகிறீர்களா? போன் எடுத்தால் நீங்கள் கப்பல் கதை தொடங்கிவிடுகிறீர்கள். நான் சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

உங்கள் தம்பி போய்ப் பன்னிரண்டு வருடம் கடந்துவிட்டது. ஊரைவிட்டுத் தப்பி வரும்போது என்னையும் கைக்குழந்தையாயிருந்த ராதாவையும் முதல் வள்ளத்தில் ஏற்றிவிட்டு, "நீ போ, நான் அடுத்ததில வாறன்" என்றவர். எங்கள் வள்ளம் கொக்கோஸ் தீவில் கரை சேர்ந்தது. அவருடையது எங்கேயும் சேரவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்று கோயில் ஐயர் சொல்கிறார். ஆண்பிள்ளை இல்லாதபடியால் கூடப்பிறந்தவர்தான் செய்ய வேண்டுமாம். நீங்கள் வரவேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. என்னோடு வெயர்ஹவுஸில் வேலை செய்யும் நரேன் என்னைக் கலியாணம் செய்யக் கேட்டிருக்கிறார். "அவரின்ர அண்ணர் ஓம் எண்டு சொல்லட்டும், அதுவரைக்கும் பொறுக்கிறன்" என்கிறார். நல்ல மனுஷன். ராதாவுக்கும் பிடிக்கும்.

பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
மிருணா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
21 பெப்ரவரி 2025

அன்புள்ள பிள்ளை மிருணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குளிசை போடுகிறேன். இங்கே வெக்கை தாங்க முடியவில்லை. நாலு நாளாகச் சரியான நித்திரையும் இல்லை.

வில்காராக் கப்பலின் வரலாறு எழுதும் வேலை முடிந்தபாடில்லை. இரண்டாம் உலகப் போருக்காக இந்த ஊர்த் துறைமுகத்தில்தான் அது கட்டப்பட்டது. கண்ணிவெடி வாரும் கப்பல். பின்னால் கம்பி வடத்தை இழுத்துக்கொண்டு போய், கடலுக்கடியில் கட்டிவைத்த கண்ணிகளை அறுத்து மிதக்கவிட்டு, சுட்டு வெடிக்க வைப்பார்கள். பெரிய கப்பல்கள் வரமுன் இது முன்னே போகவேண்டும். பாஸ் நீரிணையில் வாரியது, டார்வினுக்குத் துணை போனது, சிங்கப்பூர் விழும்போது சனத்தை ஏற்றி இறக்கியது. எல்லாம் எழுதிவிட்டேன். 1942 மார்ச்சில், ஜாவாவுக்குத் தெற்கே, "எண்ணெய் குறைவு, தெற்கே போகிறோம்" என்று ஒரு வானொலிச் செய்தி. அதற்குப் பிறகு சத்தமில்லை. பழைய கடற்படையினர் சங்கத்துச் செயலாளர், "மூழ்கியது எண்டு எழுதி முடியுங்கோ" என்று நெருக்குகிறார். யார் கண்டது? காணாததை நான் எப்படி எழுதுவது?

மற்ற விஷயத்துக்கும் அதுதான் பதில். ஒருவரும் காணாமல் அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க என் கை வராது. வேறெங்காவது பிடிபட்டு மறியலில் அடைபட்டுக் கிடக்கிறானோ, என்னவோ. அந்த நரேனை எனக்குத் தெரியாது.

விஜயரத்தினம்


ட்ருகனினா
4 மார்ச் 2025

பெரியத்தானுக்கு,

மறியலில் இருந்தால் ஒரு போன் எடுக்கமாட்டாரா? அந்தப் படகில் இருந்த ஒருவரும் எடுக்கவில்லையே. நீங்கள் கப்பல் என்ஜினியராய் இருந்தவர், அந்தக் கடலை என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கோயிலுக்குப் பொட்டு வைத்துப் போனால் ஒரு கதை, வைக்காமல் போனால் ஒரு கதை. விசாப் பேப்பரில் ஒவ்வொரு முறையும் கணவர் என்ற இடத்தில் எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். போன கிழமை ராதா கேட்டாள்: "அம்மா, நான் அப்பாவுக்கு அழலாமா, அழக்கூடாதா?"

ஐயர் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாள் வைத்திருக்கிறார். நீங்கள் வராவிட்டால் ராதா செய்வாள். ஐயர் முகத்தைச் சுளித்தார். பிள்ளை செய்யாமல் வேறு யார் செய்வது என்று கேட்டுவிட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை. களைத்துப்போய் எழுதுகிறேன்.

மிருணா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
17 மார்ச் 2025

அன்பு மிருணா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் அங்குமிங்கும் நடந்தேன்.

நேற்று வில்காராக் குடும்பங்களின் கூட்டம் நடந்தது. திரேசா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்திருந்தார். எண்பது தாண்டியிருக்கும். தகப்பன் அந்தக் கப்பலில் கொதிகலன் பார்த்தவர். கப்பல் போகும்போது இவர் தொட்டில் பிள்ளை. கடைசி நேரத்தில் கப்பலுக்கு என்ன நடந்திருக்கலாம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது எனக்கு வேண்டாம்," என்றார். "அம்மா போர் முடிஞ்சு மறுகலியாணம் செய்தா. அண்டைக்கே அப்பாவின்ர அண்ணர் எங்கட வீட்டுக்கு வாறதை நிப்பாட்டிவிட்டார். அப்பா எப்பிடிச் சிரிப்பார், எதுக்குக் கோபப்படுவார் எண்டு சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். சாகுமட்டும் அவர் ஒண்டும் சொல்லேல்லை."

அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு அது நம்முடைய பாஷையிலேயே கேட்டது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, ரயிலில் ஏறாமல் நடந்தேன். கால் வலிக்கும் வரைக்கும் நடந்தேன்.

இன்று காலையில் கடைசி வரியை எழுதினேன்: "கப்பலும் அதிலிருந்த அனைவரும் அந்தக் கடலிலேயே போய்விட்டனர்." செயலாளருக்கு அனுப்பியாயிற்று. மனம் ஆறிவிட்டதென்று நினைக்காதே. தெரியாத நம்பர் அடித்தால் இனியும் ஓடிப்போய்த்தான் எடுப்பேன்.

இருபத்தெட்டாம் தேதி வெள்ளி பின்னேரம் விமானம். கிரியையை நான் செய்வேன், ராதாவும் என் பக்கத்தில் இருந்து செய்யட்டும். ஐயரோடு நான் கதைக்கிறேன். விமான நிலையத்துக்கு நரேனை வரச்சொல்லு. வழியில் கதைத்துக்கொண்டு வரலாம்.

ராதாவிடம் சொல்லு: அவளுடைய அப்பா தும்மத் தொடங்கினால் லேசில் நிற்காது. சின்ன வயதில் ஒருமுறை பூசை நடுவில் தும்மித் தும்மி விளக்கையே அணைத்துவிட்டான். அடி விழுமென்று பயந்து, தும்மிக்கொண்டே ஓடினான். நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். இப்படி நிறைய இருக்கிறது. வந்து சொல்கிறேன்.

உன்
பெரியத்தான்