நான் உயர்த்தாத விரல்

அண்ணை,

உங்கள் மனைவி நேற்றுத் தொலைபேசியில், கராஜைக் காலி செய்கிறேன், வந்து பாயை எடுத்துக்கொண்டு போ என்றார். நாம் கிரிக்கெட் ஆடுகளத்தில் விரித்த அதே கயிற்றுப் பாய். இன்று உங்கள் வீட்டில் அதைப் பிரித்ததும் ஈர நாரின் வாடை முகத்தில் அடித்தது. விடிகாலை வேலை முடித்து வந்த உடம்பு. அதைத் தூக்கத் தெம்பில்லாமல் வாசலிலேயே குந்திவிட்டேன்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில், எங்கள் அணியில், பத்து யாழ்ப்பாணத்தாருக்கு நடுவே நீங்கள் ஒரே ஆங்கிலேயர். எங்களுக்கு அப்பா வயது, ஆனாலும் எல்லாருக்கும் அண்ணைதான். இளவயதில் இங்கிலாந்தில் ஒரு கவுண்டி, அதாவது மாவட்ட, அணிக்குச் சம்பளமில்லாமல் இரண்டே ஆட்டங்கள் ஆடியிருந்தீர்கள். இரண்டிலும் ஓட்டமே எடுக்கவில்லை என்பதைச் சிரித்துக்கொண்டு சொல்வீர்கள். பிறகு வாத்தியார் வேலை, ஜெர்மன் மனைவி, ஞாயிறுதோறும் எங்களோடு பாய் உருட்டல்.

எங்கள் லீக்கில் நடுவருக்குத் தனியாக ஆள் கிடையாது. துடுப்பாடும் அணியிலிருந்தே இருவர் போய் நிற்க வேண்டும். யூரோ வந்த வருடம், கடைசி ஆட்டத்தில் நான் நடுவராக நின்றேன். தோற்றால் கீழ்ப்பிரிவு, அதோடு அணி கலைந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசி விக்கெட், நான்கு ஓட்டம் தேவை. பந்து உங்கள் மட்டையில் உரசி விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. நான் அவுட் என்று விரலை உயர்த்தாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன். நீங்கள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றியபடி நீங்களாகவே வெளியே நடந்தீர்கள். நாம் தோற்றோம்.

"கிழவனுக்குத் தன்ர மரியாதைதான் பெரிசு" என்று நம் ஆட்கள் முணுமுணுத்தார்கள். நானும் தலையாட்டினேன்.

திரும்பும்போது காரில், பந்து மட்டையில் உரசிய சத்தம் உனக்குக் கேட்கவில்லையா என்று ஜெர்மனில் கேட்டீர்கள்.

"இல்லை அண்ணை, ஒண்டும் கேக்கேல்லை" என்றேன்.

"ஓம்" என்றீர்கள், எங்களிடம் பழகிய தமிழில்.

அடுத்த கோடையில் அணி இல்லை. வேலை, பிள்ளைகள், முதுகுவலி என்று ஆளுக்கொரு காரணம். உங்களைப் பார்க்க வராததற்கும் நான் அவற்றையே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கேள்விக்குப் பயந்தேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களைக் கழித்தபோதும் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உங்கள் மனைவி சொன்னார். யாராவது அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால், அது மிகச் சின்னச் சத்தம், எந்த நடுவருக்கும் கேட்டிருக்காது என்று கடைசிவரை சொல்வீர்களாம்.

சின்னச் சத்தமில்லை, அண்ணை. எனக்கு வடிவாக் கேட்டது.