நடுவில் ஒரு கதவு

மருமகனுக்கு,

மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது என்ற நம் வழக்கம் இந்த இரண்டு வருடமாக எனக்கு வசதியாகவே இருந்தது. என் மகள் நாலுவோகா இறந்த அன்று வண்டியை ஓட்டியவர் நீங்கள்.

மசாக்கா ஊர் ஆஸ்பத்திரியில் துக்கப்பட்டவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள். கன்னியர் பள்ளியில் படித்தவள் ஊரார் முன் அழுவதா என்ற நினைப்போடுதான் போனேன்.

எதிரே ஒரு லாரி ஓட்டுநர். தான் ஓட்டிய வண்டியிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். "ஒரு நொடி கண்ணு அசந்துட்டேம்மா," என்றார். எழுந்துவிட்டேன்.

"ஏன், கான்வென்ட்டு அம்மாவுக்கு நாற்காலி குத்துதா?" என்றாள் ஒருத்தி.

நர்ஸ் நபுகென்யா என் முன் மண்டியிட்டு, "குத்தத்தாம்மா செய்யும். போயிடாதீங்க," என்றாள்.

உட்கார்ந்தேன். ஓட்டுநர் தொடர்ந்து பேசினார். முடித்தபோது என் கைக்குட்டை அவர் கையில் இருந்தது. எப்போது கொடுத்தேன்? இறுகிப்போன என் மனம் எழுபத்தொரு வயதில் இப்படித் திரும்பியதை நினைத்தால் இன்னும் மெய்சிலிர்க்கிறது.

ஞாயிறன்று பேரனோடு வாருங்கள். மத்தோக்கே வாழைக்காய் அவித்து வைக்கிறேன். வழக்கப்படி நீங்கள் வெளியே, நான் உள்ளே. நடுவில் கதவு திறந்திருக்கும். அன்று நடந்ததைச் சொல்லுங்கள். நான் எழுந்து போகமாட்டேன்.

உங்கள் மனைவியின் தாய்