எதிரி எவ்வளவு மூர்க்கமாக இருக்கலாம்?

செங்கத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்துக்குக் கடந்த மாதம் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கற்பூரம் காட்டி, திரைக்கு மேல் சந்தனம் வைத்து, துணி உறை போட்டு மூடினார்கள். பத்தே நாளில் எங்கள் கண்காணிப்பாளர் யாரிடமோ ஒரு பிளாப்பி வாங்கிவந்து, அதில் ஒரு சண்டை விளையாட்டை ஏற்றிவிட்டார். நாம் ஒருமுறை படையை நகர்த்தினால், அடுத்த முறை கம்ப்யூட்டர் தன் படையை நகர்த்தும். ஆட்டம் தொடங்குமுன் திரையில் பச்சை எழுத்தில் ஒரு கேள்வி வருகிறது: எதிரி எவ்வளவு மூர்க்கமாக இருக்கலாம்? குறைவாகவா, நடுத்தரமாகவா, அதிகமாகவா?

கண்காணிப்பாளர் ஒரு நொடிகூட யோசிக்காமல் 'குறைவு' என்பதைத் தட்டினார். அரைமணி நேரத்தில் வென்றுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் கைதட்டினோம்.

கைதட்டிக்கொண்டே உன்னை நினைத்துக்கொண்டேன். எதிரியிடம் இப்படி ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம் என்று நம் இருவருக்கும் தெரியாமல் போயிற்று.

ஜமுனாமரத்தூரில் நாம் வேலை பார்த்த திட்ட அலுவலகம் மலையில் பெய்யும் மழையை அளப்பதற்காக ஏற்பட்டது. மழை இல்லாத மாதங்களில் அங்கே செய்ய ஒன்றும் இருக்காது. ஆகவே அதிகாரிகள் அப்போதுதான் ஆய்வுக்கு வருவார்கள். நான் தட்டச்சர், நிரந்தரம். நீ கம்ப்யூட்டரில் மழை அளவை ஏற்றுபவன், தற்காலிகம். மலையில் பிறந்தவர்களில் அந்த அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தவன் நீ ஒருவன்தான். மற்றவர்களுக்குத் தண்ணீர்க் குடம் கிடைத்திருந்தது. மூன்று வருஷம் காத்திருந்து, அந்தக் கோடையில் உன் பெயர் நிரந்தரம் ஆக்கப்படுவோர் பட்டியலில் ஏறியது. அந்தப் பட்டியலை அடித்தவன் நான். உன் பெயரை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

அதே கோடையில்தான் நீயும் ஓர் ஆட்டம் எழுதினாய். திரையில் புள்ளிகளால் ஒரு மலை, அதில் பன்னிரண்டு ஊர்கள். மலைப்பக்கம் நாம். கீழிருந்து வருவது கம்ப்யூட்டர். முதல் மூன்று முறை அது எல்லையில் சும்மா நிற்கும். நாம் காவலை எடுத்த ஊரில் மெல்ல நுழையும். நாம் ஓர் எட்டுப் பின்வாங்கினால் அது இரண்டு எட்டு முன்னால் வரும். எதிர்த்து அடித்தால் மட்டும் நின்று கணக்குப் போடும். ஒரு வாரம் நான் தோற்றேன்.

"யோவ், இன்னாத்துக்கு இவ்ளோ மூர்க்கமா எழுதி வச்சிருக்கே?" என்றேன்.

"மூர்க்கம் இன்னாபா? பாத்தத எழுதினேன்" என்றாய். "எங்க அப்பாகிட்ட புளிய மரம் குத்தகைக்குக் கேட்டு ஒருத்தன் வந்தான். மொத நாளு திண்ணையில குந்திக்கினு தண்ணி கேட்டான். அடுத்த வருசம் எல்லையில நின்ன மரத்தக் கேட்டான். போனாப் போவுதுன்னு அப்பா வுட்டாரு. அப்பால அவன் கேக்கவே இல்ல, எடுத்துக்கினான். எதிர்த்துக் கேட்ட வூட்டுப் பக்கம் மட்டும் அவன் போவல."

மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அந்தப் பெரிய அதிகாரிக்கு ஒரு மணிக்குள் ஆய்வு முடிந்துவிட்டது. பொழுது போகவேண்டுமே என்று நம் திட்ட அலுவலர் அவரை உன் ஆட்டத்தின் முன்னால் உட்கார வைத்தார். அவர் எல்லாக் காவலையும் திரட்டித் தன் தலைமை ஊரைச் சுற்றி நிறுத்திக்கொண்டார். உத்தியோக வாழ்க்கையில் அவருக்குப் பழகிய முறை அதுதான் போலிருக்கிறது. மற்ற பதினோரு ஊர்களும் கால்மணி நேரத்தில் போயின.

"ஏன்யா, இது என்னையே அடிக்குது?"

"ஆடறது ரெண்டே பேருதான் சார்" என்றாய்.

"மரியாத தெரியாத மிஷினா இருக்குது. இத எழுதுனது நீதானா? இந்த மலையா நீ? அதான். காட்டுப் புத்தி எங்க போவும்!"

திட்ட அலுவலர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். வேறு எங்கும் பதிவாகவில்லை. நீ சிரிக்கவில்லை.

"அது மலை ஆளு இல்லீங்க சார். அது கீழேருந்து வர்ற ஆளு. மலை ஆளா ஆடுனது நீங்கதான்."

நீ பேசி நான் கேட்டதில் அதைவிடத் துல்லியமான வாக்கியம் இல்லை. அதன் விலையும் துல்லியமாக வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர், உயர் அதிகாரி ஒருவர் மீது, ஆத்திரமூட்டல் எதுவுமின்றித் தொடர்ந்து தாக்குதல் நடத்தியது ஏன் என்று உன்னிடம் விளக்கம் கேட்டு மெமோ. அதையும் நான்தான் அடித்தேன். ஒரு பிழை இல்லை.

பதிலை நீ நின்றுகொண்டே சொன்னாய்: "கம்ப்யூட்டர் அதோட விதிப்படி ஆடுச்சு. ஐயா பின்வாங்கினாரு. பின்வாங்குனவர அது வுடாது. இதுல மாத்த ஒண்ணும் இல்ல. இப்டியே அடிச்சிடுபா."

நான் அப்படி அடிக்கவில்லை. 'நிகழ்ந்த தவறுக்கு மிகவும் வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது' என்று அடித்தேன். நான் படித்தவன். மேலே இருப்பவர்களுக்குப் பணிவு பிடிக்கும், பணிந்தால் விட்டுவிடுவார்கள் என்று பல நூல்களில் படித்திருந்தேன். உன் ஆட்டத்தில் மட்டும்தான் வேறு மாதிரி எழுதியிருந்தது. அதை ஒரு வாரம் தோற்றுத் தோற்றுப் படித்தும் நான் ஒரு நூலாக மதிக்கவில்லை.

அன்றைக்குத்தான் முதல் மழை பெய்து, அளவுகள் வந்து குவிந்திருந்தன. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினாய். "நீ அடிச்சதுதானே? குடு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய். உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. பன்னிரண்டு ஊருக்கும் காவல் போடத் தெரிந்த உனக்கு, பக்கத்து மேசையில் ஒரு காவல் போடத் தோன்றவில்லை.

தவறு செய்ததை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டபடியால் உன் தற்காலிகப் பணி முடிக்கப்படுவதாக அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பட்டியலிலிருந்து உன் பெயர் போனது. அதுவரை அவர்களிடம் உன்மேல் ஒரு குற்றமும் இருக்கவில்லை. குற்றத்தை நான்தான் அச்சுப்பிழை இல்லாமல் தயாரித்துக் கொடுத்திருந்தேன்.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாய். நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீயே பின்வாங்கிட்டியேபா" என்றாய். "அதுவும் என் கால வச்சி."

அவ்வளவுதான். ஊருக்குப் போய்ச் சாமை விதைத்தாய். இரண்டு வருஷம் கழித்துச் செத்துப்போனாய். உன் சாவையும் அவர்கள் கணக்கில் எழுத எனக்கு ஆசைதான். மஞ்சள் காமாலை குறுக்கே வந்துவிட்டது. அந்தப் பெரிய அதிகாரி பதவி உயர்வு பெற்று நலமாக இருக்கிறார். உன் ஆட்டத்தை அழித்துவிட்டார்கள். அது மட்டும் அவர்கள் ஆட்டத்தைப் புரிந்துகொண்டதற்கு அடையாளம்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தைப் பெருக்கும் அம்மாளுக்கு ஒரு மெமோ வந்தது. அவரும் தற்காலிகம்தான். அரசுப் பணி நடந்துகொண்டிருக்கையில் கம்ப்யூட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கினார் என்பது குற்றம். நடந்துகொண்டிருந்த அரசுப் பணியில் கண்காணிப்பாளர் எதிரியின் கடைசிக் கோட்டையை நெருங்கியிருந்தார். 'குறைவு' மூர்க்கத்தில்தான்.

"ரெண்டு வரி வருந்துறேன்னு போட்டு, கைநாட்டு வாங்கிடுங்க சார். வுட்டுடலாம்" என்றார் கண்காணிப்பாளர் என்னிடம்.

அந்த அம்மாளைக் கூப்பிட்டு, "என்ன எழுதணும், சொல்லுங்கம்மா" என்றேன்.

"இன்னாத்த சொல்றது? அந்தாளு பொம்ம சண்ட ஆடிக்கினு இருந்தாரு. கூட்டணும், காலத் தூக்குங்கன்னு மூணு வாட்டி சொன்னேன். காது கேக்கல. புடுங்கினேன். கேட்டுச்சு."

எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்தேன். 'பொம்ம சண்ட' என்பதைக்கூடத் திருத்தவில்லை. இரண்டு முறை படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டு, அதன் பிறகே கைநாட்டு வாங்கினேன். அவர் வேலை நிலைக்குமா என்று தெரியாது. போனாலும் அவர் சொன்னதற்காகப் போகும். நான் சொன்னதற்காகப் போகாது.

கீழ்நிலைப் பணியாளரின் விளக்கத்தைத் திருத்தாமல் அனுப்பியது ஏன் என்று கேட்டு முந்தாநாள் எனக்கும் ஒரு மெமோ வந்தது. பதில் தர மூன்று நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு நாள் உனக்கு எழுதுவதில் போய்விட்டது. மிச்சம் இருக்கும் ஒரு நாள் அவர்களுக்குத் தாராளம்.